மிஸ்கீனுக்கு ஒரு தூண்

786
கண்டி,
11-10-1936

என் கண்ணான மகள் றம்லத்துக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் காவலில் நானும் உன் உம்மாவும் இங்கே சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகனும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. திகன ஊர் ஹுஸைன் ஏலக்காய் வியாபாரமாகப் பினாங்குக்கு வருகிறார், மனைவி ரபீகாவையும் கூட்டி வருகிறார், ரபீகா இதை உன் கையில்தான் தருவாள். தனியாக இருக்கும்போது வாசி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

இங்கே மழை விடவில்லை. அம்பிட்டியப் பக்கம் மண் சரிந்து இரண்டு நாள் பலகை வண்டி வரவில்லை. உன் உம்மாவுக்கு முழங்கால் நோவு கூடியிருக்கிறது, ஆனாலும் அடுப்படியை விட்டு வெளியே வரச் சொன்னால் என்மேல் பாய்கிறாள். பட்டறைக்குள் ஈரம் ஏறியதால் செய்து முடித்த சாமான்களை எல்லாம் வீட்டு முன்மண்டபத்துக்குள் ஏற்றி வைத்தேன். வந்த வினை அங்கேதான் ஆரம்பம். யாழ்ப்பாணத்துப் புறக்டர் பொன்னுத்துரை, நம் தெருமுனையில் வழக்குப் பேசும் ஆபீஸ் வைத்திருப்பவர், தன் மகளின் கலியாணத்துக்கு என்று மூன்று பேர் சாய்ந்து உட்காரும்படி சிவப்பு வெல்வெட்டுப் போட்ட ஒரு செற்றியும் ஆறு கதிரைகளும் செய்யச் சொல்லியிருந்தார். மூன்று மாத வேலை. அந்தச் செற்றியின் முதுகை உன் பூனை மிஸ்கீன் மேலிருந்து கீழே கிழித்து வைத்திருந்தது மகள். உள்ளே அடைத்த தென்னந்தும்பு வெளியே தொங்கியது. நான் பார்ப்பதற்கு முன் பொன்னுத்துரையே வந்து பார்த்துவிட்டார். வீட்டுக்குள்ள புலி கிலி ஏதும் வளர்க்கிறியளோ எண்டு சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. முப்பத்திரண்டு வருஷத்தில் என் பட்டறைச் சாமானைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நீ போன பிறகுதான் அதற்கு இந்தப் பழக்கம். ஓதப்போய் வந்த வழியில், பள்ளிவாசல் மதிலோரம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைப் பதினொரு வயதில் நீ முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து மிஸ்கீன் என்று பெயர் வைத்தாயே, அந்த ஏழைதான் இப்போது சுல்தான் மாதிரி வெல்வெட்டுக் கேட்கிறது. முதலில் அலுமாரிக் கால், பிறகு கதவு நிலை, பிறகு இந்தச் செற்றி. அடிக்க எனக்குக் கை வரவில்லை. கண்டி ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாப்பா மிஸ்கீனுக்கு அடிக்காதீங்க, ஆருக்கும் குடுத்திடாதீங்க எண்டு அழுதாய். உம்மாவைப் பிரிவதற்கு அழாத பிள்ளை பூனைக்கு அழுகிறாளே என்று பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். நான் உன் தலையில் கை வைத்து, இல்லை மகள் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆகவே, செற்றி கிழிவதற்கு முன்பே ஒரு வழி செய்து பார்த்தேன். பூனைக்கு நகம் தீட்ட ஒரு இடம் வேண்டும், அதை நாமே செய்து கொடுத்தால் கதிரைப் பக்கம் போகாது என்று உன் உம்மா சொன்னாள். செய்வது தச்சன், மரத்துக்கா பஞ்சம். நல்ல பலாக்கட்டை எடுத்து ஒரு முழத் தூணாகக் கடைந்து, கட்டில் காலுக்குப் போடுவது போல் குமிழ் வைத்து, சீவித் தேய்த்து, மூன்று பூச்சு அரக்குப் பூசினேன். முகம் தெரிந்தது அதில். என்னிடம் பாலிஷ் வேலை செய்யும் கலஹாத் தோட்டத்துச் செல்லப்பா, மொதலாளி, பூனைக்கு நகம் பதியணும்ல, இப்புடி வழுவழுன்னு இருந்தா எதப் புடிக்கும்னு கேட்டான். என் பட்டறையிலிருந்து சீவாத மரம் வெளியே போனதில்லை என்று அவன் வாயை அடைத்தேன். மிஸ்கீன் வந்தது, முகர்ந்தது, தூணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டது. எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

உயரம் போதாது போலும் என்று முதிரை மரத்தில் இன்னொன்று, இரண்டு முழத்தில், கீழே பூ வேலை செய்த சின்ன அடிக்கட்டையோடு. மிஸ்கீன் முன்காலைத் தூக்கிச் சாய்ந்ததும் தூண் ஆடிப் பொத்தென்று விழுந்தது. பூனை அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது, அன்று முழுவதும் இறங்கவில்லை, அதன் பிறகு அந்தத் தூண் இருக்கும் பக்கமே வரவில்லை. மூன்றாவதற்கு மாசிக் கருவாட்டைத் தூளாக்கி எண்ணெயில் குழைத்துத் தடவினேன். மேலிருந்து கீழே ஒழுங்காக நக்கிவிட்டு நேரே போய்க் கதவு நிலையில் நகத்தை வைத்தது. உன் உம்மா சிரிக்கவில்லை. தூண் நல்ல தூண்தான், ஆனா அது உங்களுக்குப் புடிச்ச தூண், பூனைக்கு என்ன புடிக்கும் எண்டு ஒரு நாளாச்சும் நிண்டு பாத்தீங்களா எண்டு கேட்டாள். பூனையிடம் போய் நான் என்ன கேட்பது என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன்.

இனிச் சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொன்னுத்துரை வந்து பார்த்துச் சிரித்தார் என்றேனே, அது இந்த மூன்று தூணுக்கும் பிறகு. அவர் போன கையோடு நான் மிஸ்கீனைப் பிடித்து ஒரு சாக்குக்குள் போட்டுச் சாக்கின் வாயைக் கட்டி, சனிக்கிழமை ஊருக்குப் போகும் செல்லப்பாவிடம் கொடுத்து, கலஹா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தோட்டத்தில் எலி இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். உனக்குக் கொடுத்த வாக்கை நான் முறித்துவிட்டேன் மகள்.  உன் உம்மா என் பீங்கான் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் அந்த வீட்டில் நான் என் செருப்புச் சத்தத்தைத்தான் கேட்டேன்.

திங்கட்கிழமை காலையில் செல்லப்பா வந்தான். ஒரு கையில் மிஸ்கீன், மறு கையில் நார் நாராகக் கிழிந்த சாக்கு. எம் பொஞ்சாதி வச்சிக்க மாட்டேன்னுடுச்சு மொதலாளி, பொம்பளப் புள்ள வளத்த பூனைய நாம வச்சிருந்தா அந்தப் புள்ள மனசு நோகும்னுச்சு என்றான். அதோடு நிற்கவில்லை. பூனை நனைத்துவிட்ட அந்தச் சாக்கைக் காயட்டும் என்று அவன் குடியிருக்கும் லயத்து வாசல் கம்பத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறான். மிஸ்கீன் தூங்கி எழும்பி, முதுகை வில்லாக வளைத்து, எட்டின மட்டும் முன்காலை நீட்டிச் சாக்கில் நகத்தைப் போட்டு இழுத்ததாம். இரண்டு நாளும் வேறு ஒன்றையும் அது தொடவில்லை என்று சத்தியம் பண்ணினான். கிழிந்த சாக்கை வாங்கிப் பார்த்தேன். வெறும் சாமான் கட்டும் சாக்கு. என் காலுக்குக் கீழே எத்தனை கிடக்கிறது.

அன்றைக்கே சீவாத கித்துள் மரத்துண்டு ஒன்றை எடுத்தேன். எடுத்ததும் கை தானாகச் சீவுளிக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். பூனை எழும்பி நின்று கையை நீட்டினால் எவ்வளவு உயரம் என்று செல்லப்பா பிடித்துக் காட்ட, அதற்கு மேலே நாலு விரல் விட்டு வெட்டினோம். ஆடக்கூடாது என்று பட்டறையில் உட்காரும் வாங்கு ஒன்றின் கனத்த பலகையில் இறுக்கினோம். சாக்கைச் சுற்றி ஆணியடித்தோம். பட்டறையில் வைக்கப் போனேன், உன் உம்மா தடுத்தாள். அது எழும்புற இடத்தில வையுங்க என்றாள். அது எங்கே தூங்குகிறது தெரியுமா மகள், ஜன்னலோரம் நீ உட்கார்ந்து தைக்கும் பிரம்புக் கதிரையில். அதை மட்டும் அது ஒரு நகக் கீறல் போடாமல் வைத்திருக்கிறது, நான் கவனித்ததே இல்லை. பக்கத்தில் வைத்தோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கண் விழித்தது, இறங்கியது, நீட்டி நிமிர்ந்து சர் சர் என்று பத்துத் தடவை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தது. என் வாழ்நாளில் செய்த சாமான்களிலேயே அசிங்கமான சாமான் அது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. பொன்னுத்துரையின் செற்றிக்கு வேறு வெல்வெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டேன், கலியாணமும் நல்லபடி நடந்தது.

இந்தச் சந்தோஷத்தை உனக்கு எழுத வேண்டும் என்று உடனே உட்கார்ந்தேன். பூனையைப் பற்றி நீ என்னென்ன கேட்டிருக்கிறாய், அதற்கெல்லாம் பதில் சொல்லலாம் என்று மேசை லாச்சியைத் திறந்து உன் மூன்று கடிதங்களையும் எடுத்தேன். றம்லத், அதில் ஒரு கேள்வியும் இல்லை. ஆறு மாதத்தில் மூன்று கடிதம், மூன்றிலும் ஐந்தைந்து வரி. நான் சுகம், அவர் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். மூன்றிலும் அதே வரிகள் அதே ஒழுங்கில். ஸ்டேஷனில் அந்த அழுகை அழுத பிள்ளை, மிஸ்கீன் உயிரோடு இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. வாசித்த அன்றெல்லாம் நான் தப்பினேன் என்றுதான் நினைத்தேன், கேட்டிருந்தால் அது கிழித்து வைத்ததை எல்லாம் சொல்ல வேண்டி வருமே என்று. மூன்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துத் திரும்ப வாசித்தேன். நிமிர்ந்தால் உன் உம்மா வாசலில் நின்றாள். இப்பதானா பாக்குறீங்க எண்டாள். அவளுக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லப் பயந்து, அன்றிலிருந்து முழங்கால் நோவு என்று சொல்லிக்கொண்டு அடுப்படியில் அழுதிருக்கிறாள்.

உன் நிகாஹ் அன்று, கலியாணத்துக்குச் சம்மதமா என்று இரண்டு சாட்சிகளோடு அறை வாசலில் வந்து நின்று உன்னைக் கேட்டேன். நீ தலையை நிமிர்த்தவில்லை. மடியில் மிஸ்கீன் கிடந்தது. அதன் காதைத் தடவிக்கொண்டிருந்த உன் கை அப்படியே நின்றுபோனது. நான் அதைப் பார்த்தேன் மகள். பார்த்துவிட்டு, பிள்ளை வெட்கப்படுகிறாள், சம்மதம்தான் என்று சாட்சிகளிடம் சொல்லிவிட்டுச் சந்தோஷமாக வெளியே வந்தேன். பெண் பேசாமல் இருந்தால் மார்க்கம் அதைச் சம்மதமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நான் உன் வாப்பா, எனக்கு அந்தக் கை தெரியும். நல்ல குடும்பம், கடை, கல் வீடு என்று எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளப்பாக்கி உன் முன்னால் வைத்தேன், உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மருமகன் நல்லவராகவே இருக்கலாம், நான் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது, பெற்ற பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது கேட்கிறேன், பிந்தித்தான் கேட்கிறேன். அங்கே உனக்கு மனம் பொருந்தியிருக்கிறதா. பொருந்தியிருந்தால் ஒரு தபால் போடு, அதில் மிஸ்கீன் என்ன தின்கிறது, எங்கே தூங்குகிறது, கொழுத்ததா மெலிந்ததா என்று நாலு கேள்வி கேள். பார்த்ததும் உன் உம்மா சோறு தின்பாள். பொருந்தவில்லை என்றால் ஒன்றும் எழுதவேண்டாம், கடிதம் யார் கண்ணில் படுகிறதோ எனக்குத் தெரியாது, தனியாக வாசி என்றதும் அதற்குத்தான்; ஒருவரையும் குறை சொல்லவேண்டாம். ஹுஸைன் இரண்டு மாதத்தில் திரும்புகிறார். ரபீகாவிடம், எனக்குப் பூனையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சொல் சொல். அவர்களிடம் பேசி வைத்திருக்கிறேன், மருமகனிடம் முறையாகக் கேட்டு உன்னைக் கப்பலில் கூட்டி வருவார்கள். பூனைக்காகக் கடல் தாண்டி வந்தாளா என்று ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். பொன்னுத்துரை சிரித்ததையே தாங்கிவிட்டேன். வந்த பிறகு போவதா இருப்பதா என்று நீ சொல்வதை நான் கேட்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. அந்த ஊர்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. தொழுகையை விடாதே, ஸுஜூதில் தலை வைக்கும்போது உம்மாவையும் நினைத்துக்கொள். உன் உம்மா மாசிச் சம்பல் போத்தல் ஒன்று ரபீகாவிடம் கொடுத்திருக்கிறாள், தூணுக்குத் தடவியதில் மிஞ்சியது என்று நினைக்காதே, புதிதாக இடித்தது. அல்லாஹ் உன் மனதை லேசாக்கி, உன் காலடிக்கு நல்ல பாதையைத் தரட்டும். ஆமீன்.

வாசித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. வாப்பா என்ன எழுதியிருந்தார் என்று யாராவது கேட்டால், பூனையைப் பற்றி எழுதியிருந்தார் என்று சொல். அது பொய்யில்லை.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்
வாப்பா
சாஹுல் ஹமீது