மஞ்சள் தண்ணீர் ஊற்றிய நாற்காலிகள்

மாமா,

போன வாரம் மதுரையில் ஒரு நாற்காலிக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் கீழே விழுந்தார். கொஞ்சம் கனத்த மனிதர். சக்கரம் வைத்த நாற்காலியின் நுனியில் உட்காரப் போனார். அது பின்னால் நழுவிவிட்டது. கடையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இரண்டு பேர் தூக்கிவிட ஓடினார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"என்னம்மா, அங்க என்னத்தப் பாக்குற?" என்றாள் என் மகள், உங்கள் பேத்தி. சுவரில் ஒன்றுமே இல்லை. விலை எழுதிய அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சும்மாதான் என்றேன்.

புது வீட்டுக்கு நாற்காலி வாங்க அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவள் ஆசைப்பட்டுக் காட்டியதைப் பார்த்ததுமே எனக்குக் காது சூடாகிவிட்டது. தாழ்வான இருக்கை, சாய்ந்த முதுகு, கீழே போகப்போக மெலிந்து வெளிப்பக்கமாக விரிந்த நாலு கால்கள். "அம்பதுகள்ல வந்த மாடல்மா இது. அச்சு அசலா அதே மாதிரி புதுசாச் செஞ்சிருக்கு. இப்ப இதுக்குத்தான் மவுசு" என்றார் கடைக்காரர். அந்தக் கால்களை எனக்குத் தெரியும் மாமா. உங்களுக்கும் தெரியும். இத்தனை வயதுக்குப் பிறகும் அவற்றைப் பார்த்தால் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருடம் உங்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தேன். அந்த நாற்காலியைப் பற்றி நாம் பேசியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் நீங்கள் பேசினீர்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அறியாத முன்கதையை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் போடி வீட்டில் நாற்காலியே கிடையாது. ஏலக்காய் மூட்டை உண்டு, கோரைப்பாய் உண்டு. மலையில் அப்பாவுக்கு இருந்தது சின்ன ஏலத்தோட்டம். காய் வாங்க வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்து, ஒரு காயை உரித்து வாயில் போட்டு, விலை பேசிவிட்டுப் போவார்கள். அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை, உங்கள் வீட்டுச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர் வாயைத் திறக்கும்வரை.

"பையன் காலேசு படிச்சு உத்தியோகம் பாக்குறவன். அவுக அப்பா பொண்ணு பாக்க வாரப்ப உக்கார ஒரு சேராச்சும் வேணாமா? மூட்டை மேலயா உக்கார வப்பீக?" என்றார் அவர்.

அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ரயிலேறினார். "எனக்கு இந்தச் சாமான் எல்லாம் என்ன தெரியும்? நீதான ஆத்தா பொஸ்தகத்துல படமெல்லாம் பாக்குற, நீயே பாத்துச் சொல்லு" என்றார். கடையில் ஈட்டி மரத்தில் சிங்கமுகம் வைத்த நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எனக்கு அவை பிடிக்கவில்லை. ஓரமாக ஒன்று நின்றது, சிற்பம் கிற்பம் எதுவும் இல்லாமல், முதல்முதலாக எழுந்து நிற்கும் கன்றுக்குட்டி மாதிரி காலை விரித்துக்கொண்டு. அதைத்தான் காட்டினேன். அப்பா ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "கனமே இல்லையே" என்றார். விலையைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மலையில் ஒரு துரை பங்களாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போகிறார், சாமானையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளுகிறார் என்று தகவல் வந்தது. தோட்டத்து ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் போனோம். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பங்களாவின் கண்ணாடி அறைக்குள் கால் வைத்ததும் எல்லாம் போய்விட்டது. அதே விரிந்த கால்கள்! ஆறு நாற்காலிகள். இருக்கையும் முதுகும் வளைத்த பலகை, தேன் நிறத்தில் பளபளவென்று. உட்காராமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். துரையின் சமையல்காரர், மூணாறுப் பக்கத்து மலையாளி, "இரி மோளே, இரி. சும்மா உக்காந்து நோக்கு" என்று சிரித்தார். உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் உட்கார்ந்த முதல் நாற்காலி அதுதான்.

கீழே கொண்டுவந்து இறக்கியதும் அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "யாரு யாரு உக்காந்ததோ, என்னென்னத்தத் தின்னுட்டு உக்காந்ததோ. அப்படியே வீட்டுக்குள்ள கொண்டாராதீக." உங்களுக்குத் தெரியாததா, அந்நியர் புழங்கிய சாமானைக் கழுவாமல் யார்தான் வீட்டுக்குள் விட்டார்கள்? கிணற்றடியில் அண்டா நிறைய மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, ஆறு நாற்காலிகளையும் குப்புறக் கவிழ்த்து, குடம் குடமாக ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தாள். பித்தளைப் பாத்திரம் என்ன பாடு படுமோ அதே பாடு அவையும் பட்டன. பிறகு பங்குனி வெயிலில் காயப்போட்டாள்.

அது முழு மரம் இல்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஏடு ஏடாக வைத்துப் பசையால் ஒட்டிய பலகை அது. காய்ந்ததும் ஓரமெல்லாம் பழைய புத்தகம் மாதிரி விரிந்துகொண்டு நின்றது. அப்பா பதறிப்போய்ச் சோற்றைப் பிசைந்து பசையாக்கி இடுக்கெல்லாம் தடவி, அது ஒட்டுவதற்காக மேலே ஏலக்காய் மூட்டைகளைத் தூக்கி வைத்தார். மூட்டையை எடுத்தபோது பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. மேலே நான் பூப்போட்ட துணி விரித்தேன். ஏலக்காய் வாசம் வேறு கமகமவென்று வந்தது. அம்மாவுக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து நீங்கள் பார்த்ததில்லையே.

உங்கள் ஊர் சிலமலையிலிருந்து வில்வண்டியில் வந்தீர்கள். மாப்பிள்ளை வீட்டு ஆண்களில் மூத்தவர் உட்காராமல் மற்றவர்கள் உட்காரக் கூடாது. ஆகவே எல்லோரும் நின்றார்கள். நான் காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றேன். நீங்கள் மல்லுவேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தாழ்வான நாற்காலியைச் சந்தேகமாகப் பார்த்து, பிறகு மரியாதைக்காக உட்கார்ந்தீர்கள். படக்கென்று ஒரு சத்தம். பலகை பிளந்து, கால்கள் நாலு திசைக்குப் போய், நீங்கள் ஒரு பக்கமும் வேட்டி ஒரு பக்கமுமாகக் கிடந்தீர்கள்.

யாரும் அசையவில்லை. அத்தனை பேரும் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய், தட்டோடு அப்படியே அடுப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் உங்கள் அக்கா சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது. "பாத்தியளா, பெரிய மனுசன் விழுந்து கெடக்காரு. இவ முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறா. இந்தச் சம்பந்தம் வேணாம்பா, கெளம்பு."

சம்பந்தம் போனது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் மூச்சு எனக்குக் கேட்டது. அப்புறம் உங்கள் குரல் வந்தது, கடுகடுவென்று. "பாயப் போடுங்கப்பா. காபி ஆறுதுல்ல."

பாயில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், காபியைக் குடித்துவிட்டு எழுந்தீர்கள். கல்யாணம் நடந்தது.

விழுந்ததால் சம்பந்தம் முறிந்தது என்று ஊர் பேசக் கூடாது என்பதற்காகத்தான் என்னை ஏற்றுக்கொண்டீர்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஊர் எப்படியும் பேசியது. சிலமலைக் கிணற்றடிக்கு நான் முதல்முதலாகக் குடத்தோடு போனபோதே ஒருத்தி கேட்டாள், "இவதான் சேர்காரர் மருமகளா?" என்று. எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் களுக்கென்று சிரித்ததும் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சேரால் உங்களுக்கு ஒட்டிய பெயர் அது. பஞ்சாயத்தில் நீங்கள் சத்தம் போட்டுப் பேசினால், "சேர்காரருக்குக் கோவத்தப் பாரு" என்பார்கள். அதை நீங்கள் எத்தனை தடவை கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்களோ, எனக்குத் தெரியாது. வந்து எனக்கு முன்னால் ஒன்றும் சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாமனாருக்கு எதிரே மருமகள் உட்காருவதில்லை என்ற வழக்கம் எனக்கு வசதியாகப் போய்விட்டது. சாப்பாட்டை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். மரியாதை தெரிந்த பெண் என்று பேர் வாங்கினேன். மரியாதையாவது ஒன்றாவது, எல்லாம் வெட்கம்தான்.

அப்பாதான் பாவம். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் ஏலக்காயைக் கொடுத்துவிட்டு மாட்டுத்தொழுவத்துப் பக்கம் நின்றே பேசுவார். "உக்காருங்க சம்பந்தி" என்பீர்கள். "இருக்கட்டும், சோலி கெடக்கு. வெரசாப் போகணும்" என்பார். ஒரு சோலியும் கிடக்காது, பஸ்சுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும். பொட்டல் வெயிலில் போய் நிற்பார். கடைசிவரை உங்கள் வீட்டில் அவர் உட்காரவே இல்லை. மகளைத் தலைகுனிய வைத்துவிட்டோம் என்ற நினைப்போடே போய்ச் சேர்ந்தார். அம்மா மட்டும், கழுவியது போதவில்லை, இன்னும் கொஞ்சம் மஞ்சள் போட்டிருக்க வேண்டும் என்றே கடைசிவரை நம்பினாள்.

பிறகு நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தேன். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வருகிறவர்களுக்காகக் கட்டிலருகே ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தோம். வழக்கம்போல நின்றுகொண்டே டம்ளரை நீட்டினேன். நீங்கள் அதை வாங்கவில்லை. கையை மெதுவாக நீட்டி, அந்த நாற்காலியின் இருக்கையை உள்ளங்கையால் அமுக்கினீர்கள். விட்டுவிட்டு மறுபடியும் அமுக்கினீர்கள். காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தீர்கள்.

"உக்காரு ஆத்தா. கெட்டியாத்தான் இருக்கு" என்றீர்கள்.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நுனியில் உட்கார்ந்தேன். நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "அன்னைக்கு அத்தன பேரும் என்னையத்தான் பாத்தாக. என் கூடப் பொறந்தவளும் பாத்துக்கிட்டுத்தான் நின்னா. நீ ஒருத்திதான் திரும்பிக்கிட்ட. எல்லாரும் உன் பக்கம் திரும்பவும் வேட்டியக் கட்டிக்கிற எனக்கு நேரம் கெடச்சது. இந்தப் பிள்ளைய விட்டுறக் கூடாதுன்னுதான் பாயப் போடச் சொன்னேன்."

கஞ்சியை வாங்கிக் குடித்தீர்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் எனக்கு வந்தது கோபம் மாமா. இதை என் அப்பா உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா? தொழுவத்துப் பக்கம் நின்ற மனிதரிடம் போய் இந்த நாலு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பாயில் ஒரு தடவையாவது உட்கார்ந்திருப்பாரே! கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. உங்களைப் பார்த்தேன். அந்த நாற்காலியைச் சொல்லி ஊரெல்லாம் உங்களைப் பார்த்துச் சிரித்தது; அதைத் தாங்கிக்கொண்ட நீங்களும் என் அப்பாவைப் போலத்தான் கூசிப்போய் இருந்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் அதைப் பேசக் கூசினீர்கள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் கூசிக்கொண்டு நின்றிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன். அந்த மாதமே நீங்களும் போய்ச் சேர்ந்தீர்கள்.

உங்கள் பேத்தி அந்த நாற்காலிகளையே வாங்கிவிட்டாள். பில் போடுவதற்கு முன்னால் நான் குனிந்து இருக்கையை உள்ளங்கையால் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "யானை ஏறி உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். மகளுக்கு மானம் போய்விட்டது. எங்கே போனாலும் இப்படித்தான் பண்ணுகிறேன் என்று கார் ஏறும்வரை முணுமுணுத்தாள். உண்மைதான், எங்கே போனாலும் இப்படித்தான் பண்ணுகிறேன்.

நாளைக்குச் சாமான் வண்டியில் வந்து இறங்குகிறது. சாயங்காலம் விருந்தாளிகளைக் கூப்பிட்டிருக்கிறாள். மஞ்சள் தண்ணீர் எதுவும் ஊற்றப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் ஒருவரும் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு நாற்காலியிலும் முதலில் நான் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன். கெட்டியாகத்தான் இருக்கும். இருந்தாலும் என் முழங்காலையும் அந்தக் கால்களையும் நம்ப முடியாது.

நான் விழுந்தால், மாமா, நீங்கள் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.