மகள் எனக்குப் போட்ட தண்டம்

அன்பு மகன் ஓதெங்குக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம், ஆறு மாடுகளும் நலம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே.

உன் கடிதம் கிடைத்தது. அப்பா போனபின் அவருடைய தலைவர் நாற்காலியில் மூத்த மகன் வந்து உட்காரட்டுமா, தங்கை கொமோட்சோவால் நம் பகுதியைக் கட்டி ஆள முடியுமா, வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், ஆனால் நடந்ததைக் கேட்டால்தான் உனக்குப் புரியும். மழைக்காலம் முடியும்வரை என்று சொல்லித்தான் ஊர் வழக்குக் கேட்கும் கோட்லாவில் அவளை உட்கார வைத்தார்கள். அவளிடம் வந்த முதல் வழக்கே என்மேல்தான்.

நம் செவலை எருது இருக்கிறதே, திருட்டுப் பயல், அது இரண்டு பசுக்களையும் கூட்டிக்கொண்டு செபேகோவின் கொல்லையில் புகுந்து பால் பிடித்த சோளக்கதிரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. செபேகோ யார்? "பொம்பள உக்கார்ற கோட்லாவுக்கு நான் எதுக்குப் போகணும்" என்று ஊர்முழுக்கச் சொல்லித் திரிந்தவன். இப்போது வேண்டுமென்றே அவளிடம் வந்தான், ஆத்தா பக்கம் சாய்கிறாளா பார்ப்போம் என்று. மொலேஃபி சித்தப்பா பயந்துபோய், "இந்த ஒண்ண மட்டும் எங்கிட்ட தள்ளிவிடும்மா, உனக்கு ஏன் பொல்லாப்பு" என்றார். "இதத் தள்ளினா அடுத்ததையும் தள்ளணும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான், என் மகள்தானே என்று.

விடிந்ததும் அவளே கொல்லைக்குப் போய் வரிசை வரிசையாக நடந்து சேதத்தைப் பார்த்தாள், வேலியையும் பார்த்தாள். பிறகு கோட்லாவில் ஊர் கூடியது. காலை முழுக்க எல்லாரையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். குடிகார டாவ்கூட எழுந்து, "உங்கப்பனா இருந்தா இந்நேரம் தீர்ப்பச் சொல்லிட்டு சாப்பிடப் போயிருப்பாரு" என்று கேலி செய்தான். ஊர் சிரித்தது, அவளும் சிரித்தாள், ஆனால் அவசரப்படவில்லை. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாள். அறுவடையானதும் என் விளைச்சலில் ஆறு மூட்டை செபேகோவுக்கு. அவனும் விழுந்துகிடக்கும் வேலியைப் பத்து நாளில் கட்டிவிட வேண்டும். எனக்கு வந்ததே கோபம்! தலைவர் சொல்லி முடித்தபின் யாரும் பேசக் கூடாது என்பது நாற்பது வருடம் தலைவர் பெண்டாட்டியாக இருந்த எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுந்து, "ஆறா? உன்னப் பெத்தவடி நான்!" என்று கத்திவிட்டேன். அவள் குரலை உயர்த்தாமல், "வீட்டுக்கு வந்து நாலு அறை அறைங்கம்மா, வாங்கிக்கறேன். இங்க பேச்சு முடிஞ்சப்புறம் பேசினதுக்கு ஒரு ஆடு தண்டம்" என்றாள்.

அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை. கூழ் கிண்டி என் முன்னால் வைத்தாள், நான் தொடவில்லை. மறுநாள் செபேகோவின் வேலிக்கு முட்கிளை வெட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு தானும் போனாள், கையெல்லாம் கீறலோடு திரும்பினாள். அதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது, ஆனாலும் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

போன வாரம் பெரியவர்கள் கூடி, மழைக்காலம் முடிந்தது, மூத்தவனை வரவழைப்போமா என்று கேட்டார்கள். முதலில் எழுந்தவன் செபேகோ. "எனக்கும் அண்டைக் கொல்லைக்காரனுக்கும் எல்லைத் தகராறு இருக்கு. அத இந்தப் பொண்ணுகிட்டதான் சொல்லுவேன். பெத்தவளையே விடாதவ எவனுக்கும் சாயமாட்டா" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அழுதேவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் எழுந்தேன். "எம்மவன் தங்கமானவன். ஆனா எங்கிட்ட ஆறு மூட்டை கேக்குற தைரியம் அவனுக்குக் கிடையாது" என்றேன். ஊரே "புலா! மழை பெய்யட்டும்!" என்று வாழ்த்தியது.

மனசு வருத்தப்படாதேப்பா. அம்மாவை எதிர்த்து நீ ஒரு சொல் சொன்னதில்லை. அது மகனுக்கு அழகு, அந்த நாற்காலிக்கு ஆகாது. வேலையை விடாதே. விடுமுறைக்கு வரும்போது நல்ல கம்பளி ஒன்று மறக்காமல் வாங்கி வா, விடிகாலைக் குளிரில் உட்கார்ந்து வழக்குக் கேட்கிறாள். கோட்லாவுக்குள் வந்தால் தொப்பியைக் கழற்று, தங்கைதானே என்று நினைக்காதே. ஆண்டவனும் நம் முன்னோரும் உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைவி கொமோட்சோவின் குடிகளில் ஒருத்தி,
உன் அம்மா.