பத்து மணிக்கு முந்திய படங்கள்

நவம்பர் 5, திங்கள்

விடியலிலிருந்து மழை. தாழ்வுபாட்டு வீதியில் சைக்கிள் சில்லு பாதி தண்ணீருக்குள். ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேரும்போது பாவாடை விளிம்பெல்லாம் சேறு.

முதலாளி நிசாம் நானாவுக்கு, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பாட்ச் ஃபைல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொருவர் வேலை முடிந்ததும் ஒரு தட்டு. ‘இன்று’ போல்டரில் உள்ள படங்கள் வெளி டிஸ்க்குக்குப் போகும், திகதியும் நேரமும் பெயராக உள்ள புதுப் போல்டருக்குள். பிறகு ‘இன்று’ காலி.

இந்தக் கணினி திகதியில் மாதத்தை முன்னால் வைக்கிறது, நடுவில் சரிந்த கோடு. போல்டர் பெயரில் அந்தக் கோடு ஆகாது. எழுத்தெழுத்தாக வெட்டி, ஆண்டு, மாதம், நாள் என்று மாற்றி ஒட்டினேன். பின்னால் மணி, நிமிடம். பின்னேரம் பல தடவை ஓட்டிப் பார்த்தேன். சரி.

நானா: “படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்.” முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன், கணினிக்குக் கட்டளை எழுதினேன் என்று. “நீ கதைக்கிறது பக்கத்தில நிக்கிற எனக்கே கேக்காது. அதுக்குக் கேக்குதாமோ?”

நவம்பர் 6, செவ்வாய்

வெயில். வாங்க: கறுப்பு மை, பளபளப்புத் தாள், அப்பாவுக்குத் தலையிடிக் குளிசை.

ஒன்பது மணிக்குக் கடை திறந்தவுடன் நறுவிலிக்குளத்திலிருந்து பிலோமினா அக்கா. முதல் பஸ். துவாயில் சுற்றிய பிரேம். கணவர், அக்கரையில் மண்டபம் அகதி முகாமில் காய்ச்சலில் போனவர். அவருடைய ஒரே படம். ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பிரேமோடு ஸ்கான் செய்தேன். சனிக்கிழமை புதுவீடு குடிபூரல், அதற்குள் பெரிதாக்க வேண்டும்.

“வீடு வீடு எண்டே செத்த மனிசன், தங்கச்சி. சுவரிலயாவது இருக்கட்டும்.”

கண்ணாடியைக் கழற்றாதீர்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் படியிறங்கிவிட்டார். ஒரு தட்டுத் தட்டினேன். ‘இன்று’ காலி.

நவம்பர் 7, புதன்

அக்காவின் படத்தைத் திருத்த நேற்றைய போல்டரைத் திறந்தேன். போல்டருக்குள் ஒன்றும் இல்லை. இன்று காலை எடுத்தவையும் இல்லை. பத்து மணிக்குப் பிந்தியவை எல்லாம் இருக்கின்றன.

பிறகுதான் விளங்கியது. ஒன்பது மணி என்றால் கணினி முன்னால் பூச்சியம் வைப்பதில்லை, வெற்றிடம் விடுகிறது. பெயர் அந்த இடத்தில் இரண்டாக முறிகிறது. பிரதி எடுக்கும் வரிக்கு எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிடுகிறது. அடுத்த வரி, அழிக்கும் வரி, நிற்கவில்லை. இரண்டும் நான் எழுதியவை. பின்னேரத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்தவளும் நான்.

அக்காவுக்கு ஃபோன். பிரேமை இன்னொரு தடவை கொண்டுவருவீர்களா என்று கேட்டேன்.

“அதைக் கழட்டப் பாத்தனான், தங்கச்சி. முகம் கண்ணாடியோட உரிஞ்சு போட்டுது. பரவாயில்லை, உங்களிட்ட இருக்குத்தானே.”

ஓம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

நானாவிடம் சொன்னேன். கோபிக்கவில்லை. “அழிச்சது உடன போகாது புள்ள, மேல வேற படம் விழாட்டி. இனி ஒருத்தரும் கொம்பியூட்டரைத் தொடப்படாது.” கதவைப் பாதி இறக்கினார். வந்தவர்களுக்கெல்லாம் “நாளைக்கு வாங்கோ.” கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமல்: “தொண்ணூறில எங்கட ஆக்களை மன்னாரை விட்டு வெளிக்கிடச் சொல்லேக்க உம்மாட படம் சுவரில இருந்தது. எடுக்கல்ல.”

நவம்பர் 8, வியாழன்

மறுபடி மழை. நானாவின் கூட்டாளி தந்த மீட்கும் மென்பொருள். மெல்ல மெல்ல. வந்தவற்றுக்குப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அடையாள அட்டை முகங்கள், கண்மூடிய பிள்ளை, யாரோ ஒரு மணப்பெண்ணின் கை.

மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

பின்னேரம் திரையில் அக்காவின் கணவர் வந்தார். நெற்றி, கண், மீசை, எல்லாம் தெளிவு. கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அந்த இடத்தில் வேறு படம் விழுந்திருக்கிறது.

ஃபைலைத் திருத்தினேன். வெற்றிடம் வந்தால் பூச்சியம். பிரதி போய்ச் சேர்ந்ததைப் பாராமல் அழிப்பதில்லை.

நவம்பர் 9, வெள்ளி

வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை. படம் வாங்க வந்த அக்கா கதிரையில் இருக்க முந்தியே: “அக்கா, என்ர பிழை. படம் அழிஞ்சு போச்சு. ஃபோனில ஓம் எண்டது பொய். முகம் மட்டும்தான் எடுக்க முடிஞ்சது.” சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. நானா ரேடியோவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அக்கா திரைக்குக் கிட்டப் போனார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாம்பல் நிறத்தில் விரல் வைத்தார்.

“இதில என்ன இருந்தது?”

“சட்டை, அக்கா.”

“அது அவற்ற சட்டை இல்லை. படமெடுக்கிறவன் இரவல் குடுத்தது. கழுத்து இறுக்குது எண்டு அண்டைக்கு முழுக்க என்னை ஏசினவர்.” சிரிக்கத் தொடங்கி, துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். நான் முதுகில் கைவைத்தேன். கையை எடுக்கச் சொல்லவில்லை அவர்.

வேறு சட்டை வரைந்து விடவா என்று கேட்டேன்.

“வேண்டாம். வீட்டில அவர் சட்டை போடுறேல்லை.”

கழுத்தோடு வெட்டி, பெரிய தாளில் எடுத்தேன். மை காய ஃபானுக்குக் கீழே வைத்தேன்.

“ஃபானைக் குறையுங்கோ, தங்கச்சி,” என்றார் அக்கா. “வெறும்மேலோட இருக்கிறார்.”