மை இல்லாத நாரை

3.1.92 வெள்ளி

மழை. முழங்கால் வலி. இருந்தும் விம்பிள்டன் போய் ஹெலனிடம் என் பாட்டை எழுதிய தாளைக் கொடுத்தாயிற்று. ஜப்பானில் நாலு வருடம் இருந்து மரக்கட்டை அச்சு பழகியவள். கெட்டிக்காரி. கொஞ்சம் திமிர்.

ஐப்பசியில் ஜப்பானியக் கண்காட்சியில் அந்தச் சதுர அச்சுத் தாள்களைக் கண்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. கடையில் விற்றவை அல்ல. கவிஞர் கூட்டங்கள் தாங்களே சொல்லிச் செய்வித்து, புத்தாண்டுக்கு நண்பர்களுக்குக் கொடுத்தவை. ஒரே தாளில் படமும் பாட்டும். நூலகத்தில் மூன்று புத்தகம் எடுத்து, அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு எதையுமே யாரும் சொல்லித்தந்ததில்லை.

பொங்கலுக்கு அதுபோல என் தாள், ஹெலன் அச்சிடுவாள். இதுதான் பாட்டு:

குளிர்ந்த ஆற்றில் ஒற்றைக் காலில்
யாருக்காக நிற்கிறாய்?
மீனுக்கா,
மானத்துக்கா?

வாண்டில் ஆற்றில் கண்ட நாரை. பாட்டில் அதன் பெயர் இல்லை. படத்தில் வரும்.

இதைத்தான் கனகசபை மூன்று வருடத்துக்கு முன் தமிழ் மன்ற மலரிலிருந்து எடுத்துவிட்டான். தலைவராம். "யாப்பில்லை மச்சான்" என்றான், எல்லோருக்கும் முன்னால். இருபது வருடச் சிநேகம். அன்றோடு பேச்சில்லை.

7.1.92 செவ்வாய்

ஹெலனோடு சண்டை.

அவள் வரைந்து காட்டிய மாதிரியில் பாட்டு வலப்பக்கம். சரி. நாணல், பாலம், நீல வளையங்கள். சரி. இடப்பக்கம் பாதித் தாள் வெறுமை! இப்படியான தாள்களில் பல தடவை இரண்டு பேர் பாடுவார்களாம். ஒருவர் பாட, மற்றவர் பதில். என் மற்றக் கவிஞர் யார் என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். நிச்சயமா என்றாள். இல்லையென்றால் இல்லை.

நாரை எங்கே என்று கத்தினேன். வரும் என்கிறாள். சிரிப்பு வேறு.

வீட்டில் மனைவி மணி: "சண்டை பிடிக்க மோர்டனில ஆக்கள் காணாதெண்டு விம்பிள்டனுக்கும் போறியளோ?"

பால், உருளைக்கிழங்கு, முத்திரை வாங்க வேண்டும்.

11.1.92 சனி

உறைபனி. நல்ல வெயில். என்ன நாள்!

ஹெலன் முதல் தாளை அச்செடுத்தாள். கறுப்பு, பிறகு நீலம், பிறகு சாம்பல். கடைசிக் கட்டைக்கு மை பூசவில்லை. ஈரத்தாளை அதன்மேல் வைத்து முழங்கையால் அழுத்தினாள், முழுப் பாரத்தோடு. ஒன்றும் விழவில்லை. வாயைத் திறக்கப் போனேன். தாளை யன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள்.

நாரை!

கழுத்து, செட்டை, மடக்கிய கால். இறகுக்கு இறகு. வெள்ளையில் வெள்ளை. நேரே பிடித்தால் வெறும் தாள். சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் எழுந்து நிற்கிறது. இருபது தடவை சாய்த்துப் பார்த்திருப்பேன். ஹெலன் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் குடிக்கவில்லை, தாளில் சிந்திவிடும்.

மொத்தம் இருபத்தைந்து. மைத்துனன். சூசை பாதர். நூலகப் பெண். மிச்சம் பிறகு யோசிக்கலாம். ஆனால் முதல் தாள் கிழக்கே ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற கனகசபைக்கு. கடிதம் இல்லை. பார்க்கட்டும்.

"கதைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினியள்?" என்றாள் மணி.

"கதைக்கேல்லையே. தபாலிலதானே போடுறன்."

17.1.92 வெள்ளி

பொங்கல் முடிந்தது. பானை பொங்கி அடுப்பெல்லாம் பால். புகை அலாரம் அலறி, மேல்வீட்டுக்காரன் இறங்கி வந்தான். அவனுக்கும் ஒரு கிண்ணம்.

மைத்துனன் போனில்: "அத்தான், ஒரு பக்கம் அச்சு விழேல்லைப் போல கிடக்கு. வேற ஒண்டு அனுப்ப ஏலுமோ?"

மடையன். சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடிக்கட்டும்.

ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து சத்தமில்லை. எனக்கென்ன. தபால்காரன் வர இன்று பிந்திவிட்டது.

20.1.92 திங்கள்

பனிமூட்டம், பத்து மணிக்கு விலகியது. தபாலில் தடித்த உறை. கனகசபையின் கையெழுத்து. உள்ளே என் தாள்!

திருப்பி அனுப்பிவிட்டான் என்று நினைத்தேன். அதைவிட மோசம். வெறுமையான பக்கத்தில் எழுதியிருக்கிறான். நீலப் பேனையால். என் நாரையின்மேல்!

மணி ஓடி வந்தாள்: "என்னப்பா இந்தக் கத்துக் கத்துறியள், ஆரும் செத்துப்போச்சினமோ?"

அவன் எழுதியது:

மற்றக் காலையும் ஊன்றினால்
ஆறு ஒன்றும் கோபிக்காது.

கீழே பொடி எழுத்தில்: "மச்சான், பதிலுக்கு இடம் விட்டிருந்தாய். எழுதிப்போட்டன். கனகு."

ஐந்து தரம் வாசித்தேன். யாப்பில்லை. மருந்துக்கும் யாப்பில்லை!

யன்னலடியில் சாய்த்துப் பார்த்தேன். பேனை கழுத்தைக் கீறிக்கொண்டு போகிறது. ஆனால் கடைசிச் சொல் மடக்கிய காலுக்கு நேர் கீழே. அவனுக்கு நாரை தெரிந்திருக்க நியாயமில்லை. வெறும் தாள் என்றுதான் நினைத்திருப்பான்.

மணி வாங்கி வாசித்தாள். என் கோட்டை எடுத்து வந்தாள்.

சமாதானத்துக்குப் போகவில்லை. யாப்பில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நாரையையும் காட்ட வேண்டும். விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பிடித்தால் இரண்டு மணிக்குள் போய்விடலாம். மூன்றரைக்குப் பிறகு வெயில் போய்விடும், நாரை தெரியாது.