சீனி போடாத பால்

வேடசந்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதே, பொறுத்துக்கொள். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அப்போது இதையெல்லாம் பேச எனக்கு வாய் வராது. லீவு முடிந்து சார்ஜாவுக்குத் திரும்பும் பிராங்கிளின் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. முருங்கை நன்றாகக் காய்க்கிறது. உன் மகள் ஜீவிதா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது. ஆனால் வாசல்வரை நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறாள்.

நிமோனியா முற்றி அவளைத் திண்டுக்கல்லில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த அன்று, கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சர்க்கரை 312 என்று உனக்குச் சொன்னவள் நான்தான். சர்க்கரை வியாதியா என்று கேட்டாய். அப்படித்தான் போலிருக்கிறது என்றேன். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. நான் படித்தது பி.காம். அதை அந்த நேரம் நானே மறந்துவிட்டேன்.

உடனே நீ அண்ணியைக் கேட்டாய்: "காச்சக்காரப் புள்ளைக்குச் சீனிப்பாலா ஊத்தியிருக்க. உங்கப்பன் வியாதிய எம்புள்ளைக்கு எறக்கிட்டியா?" போன் ஸ்பீக்கரில் இருந்தது. வார்டு வாசல் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தார்.

பேகம்பூர் ஷரீஃபா அக்காவும் அங்கே இருந்தார். அவர் மகன் பைசல் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு உள்ளே கிடந்தான். மறுநாள் அவர் என்னிடம், "எம்மகனுக்கும் இருநூத்தி எழுபதாம். ரோட்டுல விழுந்தா சீனி ஏறுமாம்மா?" என்றார்.

அதன் பிறகும் டாக்டரிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கதவுவரை போய்ப் போய்த் திரும்பினேன். உயிருக்கு ஆபத்தான நோய் வந்தால், அதைத் தாங்குவதற்காக உடம்பே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடுமாம். அண்ணி கொடுத்த பால் காரணமே இல்லை என்றார் டாக்டர். ஒரு நாள் மட்டும் இன்சுலின் ஏற்றி, மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பார்த்தார்கள். காய்ச்சல் தணியத் தணியச் சர்க்கரையும் இறங்கிவிட்டது. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் சோதனையும் செய்தார்கள். அவளுக்குச் சர்க்கரை வியாதி இல்லை. இதைப் போனில் சொன்னேன். "சரி, நல்லது, அப்பாகிட்டக் குடு" என்றாய்.

எதையும் நிறுத்தாமல் நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். அண்ணியும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் சீனி டப்பாவை மேல் தட்டில் தூக்கி வைத்துவிட்டார். சீனி இல்லாத பாலைப் பிள்ளை தொடுவதில்லை. சோறும் இரண்டு கரண்டிதான் வைக்கிறார். வரும்போது பன்னிரண்டரைக் கிலோ இருந்தாள், நேற்று பதினொன்றே முக்கால். நான் டப்பாவை எடுத்தால், "வேணாம் சுகன்யா. அவரு வாயால சொல்லட்டும், குடுக்குறேன்" என்கிறார்.

தப்பாகச் சொன்னது நான். அதை அண்ணியிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அதற்கும் டப்பா கீழே இறங்கவில்லை.

அண்ணியிடம் நீ என்ன பேச வேண்டும் என்று சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் செய். கடிதம் கிடைத்ததும் போன் போட்டு, "பவித்ரா, பிள்ளைக்குப் பாலில் சீனி போட்டுக் கொடு" என்று சொல். ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுச் சொல் அண்ணே. அன்றைக்கு எல்லாரும்தானே கேட்டோம்.

உன் தங்கை,
சுகன்யா