கபிரியேல் இழுத்த வயர்

உக்குவளை
15.02.1998

அன்பு மகன் நோபர்ட்டுக்கு,

மாதாவின் இரக்கத்தால் நானும் அப்பாவும் தங்கச்சி டொறீனும் சுகம், அந்தக் கனடாக் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கத் தினமும் செபமாலை சொல்கிறேன். புது வீட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது. பழைய வீட்டிலிருந்து இழுத்திருந்த லைன் ஃப்ரிட்ஜுக்கும் தண்ணி மோட்டருக்கும் தாங்காது என்று புது மீட்டருக்கு எழுதிக் கொடுத்து, வீடு முழுக்க வயரிங் செய்தோம். நீ சொன்னபடி உன்னோடு படித்த கபிரியேலுக்குத்தான் வேலையைக் கொடுத்தோம், அதில்தான் வினை வந்தது. நவம்பரில் ஒருநாள் டவுனில் வயர் சுருள் வாங்கி வந்தவனைச் செக்பொயின்டில் ஆமிக்காரர்கள் பிடித்து, குண்டு செய்யவா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் நம் வீட்டைச் சொல்ல, கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றி வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். சுவரில் தொங்கிய வயர் தெரியாதபடி கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றேன். இவனைத் தெரியுமா என்று கேட்டார்கள். "சொல்லுங்கம்மா, ஒங்க வீட்டுலதானே வேல செய்றேன்" என்று அவன் அழுதான். தெரியும் என்றால் உள்ளே வந்து தேடுவார்கள், நீ யார் மூலம் வெளிநாடு போனாய் என்று கேட்பார்கள், வயதுப் பெண் இருக்கிற வீடு. தெரியாது என்று சிங்களத்திலேயே சொல்லிக் கதவை அடைத்தேன்.

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை, போய் உண்மையைச் சொல்கிறேன் என்று சட்டையை மாட்டினார், அப்படியென்றால் என்னையும் பிடித்துக் கொடுங்க என்றேன், உட்கார்ந்துவிட்டார். அவன் அம்மா சவரியம்மா கோயில் வாசலில் என் காலைப் பிடித்தாள். சனம் பார்க்குது, எழும்பு என்றேன். மிச்ச வேலையைப் பலாபத்வலயிலிருந்து வந்த ஒரு வயரிங் பாஸ் முடித்தார். மூன்று மாதம் கழித்து அவனை விட்டிருக்கிறார்கள், போன வெள்ளி கேட்டில் வந்து நின்றான். வலது கை விரல்கள் மடங்கவில்லை, இனிக் குறடு பிடிக்க முடியாது. "பாத்ரூம் ஹீட்டருக்கு எர்த் வயர் குடுக்க முந்தி என்னைப் புடிச்சிட்டாங்கம்மா, பாஸ்கிட்ட சொல்லுங்க, தங்கச்சி தொட்டுறப் போகுது, கரண்ட் அடிக்கும்" என்றான். சரி என்றேன், உள்ளே கூப்பிடவில்லை. பாஸை வரவழைத்துப் பார்த்தோம், எர்த் இல்லைதான்.

நீ என்னைக் கோபிப்பாய், கோபித்துக்கொள். அங்கே உன் கதவை யாரும் வந்து தட்டுவதில்லை. அந்த ஜீப் நாளைக்கு வந்தாலும் இதையேதான் சொல்வேன்.

ஞாயிறு பூசையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். கபிரியேலுக்கு ஏதும் எழுதினால் அதில் நம் வீட்டுப் பெயர் வேண்டாம்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா
தெரேசா