எழுத்தில்லாத விசைகள்

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெட்டி நேற்று முன்தினம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்த அம்மா, "மீதிப் பாதி எங்கேடி?" என்று கேட்டாள். இது இடதுகைக்கு மட்டும் செய்த கீபோர்டு, முப்பத்திரண்டு விசையில் முழுத் தமிழும் அடங்கிவிடும் என்று விளக்கினேன். "அதானே, உனக்கு எதுக்கு முழுசு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போனில் பேசிக்கொண்டிருந்தால் கை பழகாது, எனக்குக் கடிதமாக அடித்து அனுப்பு என்று நீ உத்தரவு போட்டாய். இதோ அடிக்கிறேன். இந்த இடத்துக்கு வந்து சேர ஐம்பது நிமிடம் ஆகியிருக்கிறது. முன்பு இதே நேரத்தில் ஒரு முழுக் கோர்ட் விசாரணையை ஒலிப்பதிவில் கேட்டு அடித்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

கீபோர்டு அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விசையில்கூட எழுத்து இல்லையே, ஏன்? முப்பத்திரண்டும் மொட்டையாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நீ அனுப்பிய படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்து அடிக்கிறேன். அப்புறம், விசை ஒவ்வொன்றும் கொஞ்சம் கனமாக இருக்கிறது. சாயங்காலம் ஆனால் சுண்டுவிரல் விண்விண் என்று தெறிக்கிறது. இருப்பது ஒரு கை, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

முக்கியமான விஷயம். ஆபீசுக்குப் போய் மேனேஜர் அம்மாவைப் பார்த்தேன். ஆகஸ்ட் 21 வரை என் நாற்காலியை வைத்திருப்பார்களாம். அன்றைக்குக் காலை பத்தரைக்கு ஒரு பரீட்சை. பத்து நிமிட ஒலிப்பதிவைக் கேட்டு அடிக்க வேண்டும், நிமிடத்துக்கு முப்பத்தைந்து வார்த்தை. சொந்த கீபோர்டு கொண்டுவரலாம். தவறினால் அந்த நாற்காலி வேறு பெண்ணுக்கு. எண்பது வார்த்தை அடித்தவளுக்கு முப்பத்தைந்து என்பது மேனேஜர் அம்மாவின் இரக்கம் என்று எனக்குத் தெரியும். அதுவே மலையாகத் தெரிகிறது.

விபத்தில் அடிபட்ட வலதுகை அப்படியேதான் இருக்கிறது. கட்டைவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

அன்புடன்,
உன் வாலு

ஜூன் 9

அன்பு வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துப்பிழை பதினேழு. எண்ணிவிட்டேன்.

எழுத்து போட்ட விசைமூடியெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. எழுத்து இருந்தால் கண் கீழே போகும், கண் கீழே போனால் விரல் சோம்பேறி ஆகும். கீபோர்டு செய்கிற எங்கள் கூட்டத்தில் யாராவது எழுத்து போட்ட கீபோர்டைக் கொண்டுவந்தால் ஒரு ஓரமாக வைக்கச் சொல்வோம். அந்தச் சாம்பல் நிற மூடிகள் எங்கும் கிடைக்காது தெரியுமா? ஏழு மாதம் காத்திருந்து வாங்கினேன்.

விசை கனமாக இருக்கிறதாம். விசைக்கு அடியில் இருக்கிற ஸ்விட்சைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது, சொல்கிறேன் கேள். வழுக்கிக்கொண்டு அடிமட்டம் வரை போவது லினியர். அது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு. முட்டி, டிக் டிக் என்று ஊரைக் கூட்டுவது கிளிக்கி. கிளிக்கி வைத்திருப்பவனோடு நான் ஒரே அறையில் உட்காரமாட்டேன். பாதி வழியில் சின்னதாக ஒரு முட்டு கொடுத்து, எழுத்து விழுந்தது என்று விரலுக்கு மட்டும் சொல்வது டாக்டைல். உன்னுடையது அதுதான். அறுபத்தேழு கிராம் ஸ்பிரிங். இதைவிட லேசாகப் போட்டால் அந்த முட்டின் அழகே போய்விடும். சுண்டுவிரல் வலித்தால் விரலைக் குறை சொல், ஸ்விட்சைக் குறை சொல்லாதே.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருக்கிறான், ஸ்பிரிங்கைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த பிறகுதான் மாட்டுவான். எல்லோரும் அவனை ஸ்பிரிங் என்றே கூப்பிடுவோம். ஒற்றைக்கை லேஅவுட் என்றதும் அவனுக்குப் பொறாமை. உன் கை அதன்மேல் இருக்கிற மாதிரி ஒரு போட்டோ கேட்டான். அனுப்பு. நகத்தை வெட்டிக்கொண்டு எடு.

அன்புடன்,
அண்ணன்

ஜூலை 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நேற்று முப்பத்துமூன்று!

மூன்று தடவை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று, முப்பது, முப்பத்துமூன்று. சுவரில் இருந்த படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இனிமேல் தேவையில்லை. நீ சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன், மூடியில் எழுத்து இல்லாததால்தான் விரல் தானாக வழி கண்டுபிடித்தது. ர எங்கே என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் நடுவிரலுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை இருபது நிமிடத்தில் அடித்திருக்கிறேன். பிழையை எண்ணிப் பார், மூன்றுக்கு மேல் இருந்தால் என்னைக் கேள்.

ஒன்று கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதே.

அம்மா தினமும் ஒருதரம் ஆரம்பிக்கிறாள். தலை வாரிவிடும்போது, சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது, "நீதானேடி அவனை அவசரப்படுத்தினே, லேட்டாச்சு லேட்டாச்சுன்னு" என்கிறாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ அப்படிச் சொன்னபோது நான் மயக்கத்தில் இருந்தேன். பிறகு கேள்விப்பட்டபோது, பாவம், பயத்தில் சொல்லியிருக்கிறான் என்று விட்டுவிட்டேன். பத்து மாதம் ஆகிறது. அம்மா பொத்தான் போட்டுவிடாமல் என்னால் வெளியே போக முடியாது, அதனால் காதைப் பொத்திக்கொண்டும் போக முடியாது.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி எழுதேன். நான் மெயின் ரோட்டில் போகச் சொன்னேன், நீதான் பைக்கைக் கோடவுன் சந்தில் திருப்பினாய் என்று. அவ்வளவு போதும்.

அன்புடன்,
உன் வாலு

ஜூலை 19

அன்பு வாலுக்கு,

முப்பத்துமூன்று! பிழை இரண்டே இரண்டு. ஸ்பிரிங்கிடம் சொன்னேன், நம்ப மறுத்துவிட்டான்.

ஆனால் ஒரு விஷயம். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது பின்னால் நீ அடிக்கிற சத்தம் கேட்டது. ஸ்பேஸ்பாரில் ஒரு கிறீச். எனக்கு அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. கிரீஸ் சரியாகப் பிடிக்கவில்லை. உடனே கட்டி அனுப்பிவிடு, ஒவ்வொரு ஸ்விட்சையும் பிரித்து, தூரிகையால் கிரீஸ் தடவி, பத்து நாளில் திருப்பி அனுப்புகிறேன். கிரீஸ் போட்டால் விரல் வெண்ணெயில் போகிற மாதிரி இருக்கும். இன்னும் ஐந்து வார்த்தை தானாகக் கூடும். முப்பத்தைந்து உனக்குத் தூசு.

அம்மா விஷயம் எழுதியிருந்தாய். அவளுக்கு இரத்த அழுத்தம், இப்போது போய் எதற்குக் கிளற வேண்டும்? நடந்தது நடந்துவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லையே. நாலு மாதம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து உனக்காக ஒரு கீபோர்டே செய்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது என்று உனக்குப் புரியும்.

அன்புடன்,
அண்ணன்

ஆகஸ்ட் 5

அண்ணா,

இதை இடதுகையால் பேனா பிடித்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பத்து நாள் என்றாய். இன்றோடு பதினான்கு. போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். கிறீச் எனக்குக் கேட்கவே இல்லை அண்ணா, உனக்குத்தான் கேட்டது. எனக்கு அது கிறீச்சிட்டாலும் பரவாயில்லை, கத்தினாலும் பரவாயில்லை.

பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று ஒரு அட்டையில் முப்பத்திரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் ரேடியோவைப் போட்டு, செய்தி வாசிக்க வாசிக்க அட்டைமேல் அடிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, "கை போச்சு, இப்ப மூளையும் போச்சா" என்றாள்.

சீக்கிரம் அனுப்பு. எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பு.

வாலு

ஆகஸ்ட் 16

அன்பு வாலுக்கு,

கோபமா? பெட்டியைத் திறந்து ஒரு விசையை அமுக்கு, கோபம் பறந்துவிடும்.

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆகஸ்ட் 10 எங்கள் வருஷக் கூட்டம். எழுபது பேர், மேஜை மேஜையாகக் கீபோர்டு. உன்னுடையதை எடுத்துப் போனேன். உன் கை போட்டோவைப் பெரிதாக அடித்துப் பின்னால் மாட்டினேன். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் என் மேஜையில். உன் கடிதங்களையும் வாசித்துக் காட்டினேன், எப்படிப் படிப்படியாக முன்னேறினாய் என்று தெரிய வேண்டும் இல்லையா. "மீதிப் பாதி எங்கேடி"க்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் பரிசு எனக்கு. சிலருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கிரீஸ் விஷயத்துக்கு வருகிறேன். கெட்டியான கிரீஸ் போட்டால் முட்டு மங்கிவிடும், தண்ணியாகப் போட்டால் ஸ்பிரிங் பாடும். இரண்டையும் கலந்து, முட்டுகிற காலில் படாமல், பக்கச் சுவரில் மட்டும் தடவியிருக்கிறேன். ஒரு ஸ்விட்சுக்குப் பதினொரு நிமிடம். ஸ்பேஸ்பாருக்கு அடியில் மெல்லிய துணி வைத்திருக்கிறேன், இனிமேல் கிறீச்சாவது மண்ணாவது. கீபோர்டுக்குள் வைத்த ஸ்பாஞ்சும் புதிது. இப்போது அடித்தால் கூழாங்கல் கூழாங்கல்மேல் விழுகிற சத்தம். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இன்னொன்று. ஸ்பிரிங் உன் கடிதங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினான். ர, ம இரண்டையும் இடம் மாற்றினால், ன, த இரண்டையும் இடம் மாற்றினால், விரல் ஓடுகிற தூரம் நூற்றுக்கு ஆறு குறைகிறது. மாற்றிவிட்டேன். நாலே நாலு எழுத்து. லேஅவுட், அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது, கீபோர்டுக்குள்ளேயே பதிந்திருப்பதால் எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் புதுசுதான் வரும். ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியிலேயே ஸ்பாஞ்சுக்கு அடியில் வைக்கிறேன். வாழ்த்துகள்!

அன்புடன்,
அண்ணன்

ஆகஸ்ட் 22

அண்ணனுக்கு,

பெட்டி நேற்றுக் காலை ஒன்பதேகாலுக்கு வந்தது. பத்தரைக்குப் பரீட்சை. அம்மா பொத்தான் போட்டு முடிக்க இருபது நிமிடம். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழைய இடத்திலேயே உட்கார வைத்தார்கள், ஜன்னலோரம். ஹெட்போன் மாட்டினேன். கீபோர்டைச் செருகினேன். நீ சொன்ன கூழாங்கல் சத்தம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. விரலும் வெண்ணெயில்தான் போனது.

மனு என்று அடித்தேன், ரது என்று வந்தது. அழித்துவிட்டு அடித்தேன், மறுபடி ரது. விசாரணை என்று அடித்தேன், விசாமணை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்தக் கையும் போய்விட்டது என்று தோன்றியது. அடி தலையிலும் பட்டிருக்கிறது, டாக்டருக்கே தெரியவில்லை, இப்போதுதான் வெளியே வருகிறது என்று நினைத்தேன். ஆறு நிமிடம் அப்படி நினைத்துக்கொண்டே அடித்தேன். எங்கே தப்பு என்று பார்க்கக் கீழே குனிந்தேன். முப்பத்திரண்டு மொட்டை.

பதினொரு வார்த்தை.

மேனேஜர் அம்மா தண்ணீர் கொடுத்தார். "பரவால்லம்மா, முயற்சி பண்ணீங்க" என்றார். எட்டு வருஷம் என்னை வா போ என்று கூப்பிட்டவர், நேற்று ங்க போட்டார். அப்போதே எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. உன் கடிதத்தைப் பஸ் நிறுத்தத்தில்தான் பார்த்தேன். இரண்டு பக்கம் கிரீஸ். கடைசியில் நாலே நாலு எழுத்து.

அன்றைக்கும் நீ நாலு நிமிடம் மிச்சம் என்றுதான் சந்தில் திருப்பினாய். ஜல்லி கொட்டியிருக்கிறது, வேண்டாம் என்று உன் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னேன். எனக்கு வழி தெரியாதா என்றாய்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவசரப்படுத்தியது நான் இல்லை, நீதான் திருப்பினாய் என்று. பதினொரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"தெரியும். அடுத்த வாரமே போன்ல அழுதுகிட்டே சொல்லிட்டான். நீ தாங்குவே, அவன் தாங்கமாட்டான். அதான் உன் தலையில போட்டேன்."

நீ எங்கள் இருவரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் பேசியிருக்கிறாய். பேசிவிட்டு, அவள் தினமும் என்னைச் சொல்வதை நான் எழுதியபோது எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கே புத்தி சொன்னாய். உங்கள் இரண்டு பேரையும் நான் மன்னிக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, பேனாவால் எழுதுவது வலிக்கிறது.

ஆபீசில் கூட வேலை பார்த்தவள் ஒருத்தியின் அறையில் கட்டில் காலியாக இருக்கிறது. அவள் அண்ணி நடத்தும் பரிசோதனைக் கூடத்தில் போன் எடுக்கிற வேலை. தலையில் மாட்டிக்கொண்டு பேச வேண்டியதுதான், கை வேண்டாம். பொத்தான் இல்லாத சட்டை நாலு வாங்கிவிட்டேன். விலாசம் தரமாட்டேன்.

கீபோர்டைத் திருப்பி அனுப்புகிறேன். முப்பத்திரண்டு மூடியிலும் சிவப்பு நகப்பூச்சால் எழுத்து எழுதியிருக்கிறேன், பழைய இடத்துப்படி. இரண்டு கோட்டிங். சுரண்டினால் மூடியும் சேர்ந்து வரும். உன் மேஜையில் வைத்து எழுபது பேருக்கும் காட்டு. இந்தக் கடிதத்தையும் வாசித்துக் காட்டு.

அம்மா தனியாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். நீ தாங்கமாட்டாய் என்று அவளுக்குக் கவலை, உன் பக்கத்தில் இருந்தே பார்த்துக்கொள்ளட்டும். பெட்டி அவள் மடியில்தான் வரும். சனிக்கிழமை காலை பத்தரைக்கு பஸ் வந்து சேரும், நேரத்துக்குப் போய் நில். மூட்டை முடிச்சு அதிகம் இல்லை, உன் வண்டியிலேயே பின்னால் உட்காருவாள்.

நேர் வழியில் கூட்டிக்கொண்டு போ.

தங்கை